‘கான் வித் த விண்ட்’: அட்லாண்டாவுக்குத் தீ வைத்தவர்கள் யார்?

வாசகர் கேள்வி, ஜனவரி 4

1939இல் வந்த ‘கான் வித் த விண்ட்’ ஹாலிவுட் படத்தை அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காவியம் என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் இந்தப் படத்தில் இரு படைகள் நேருக்கு நேர் மோதும் காட்சி ஒன்றுகூட இல்லை. வடதரப்புத் தளபதி ஷெர்மன் தென்தரப்பு நகரான அட்லாண்டாவை எரிப்பதைத் தவிரப் போர் எங்கே இருக்கிறது? ஸ்கார்லெட், ரெட், ஆஷ்லி மூவரின் காதலை வேறு எந்தக் காலத்தில் வைத்தாலும் கதை நின்றிருக்கும் என்பது என் கருத்து.

ஜனவரி 4, மாலை

நிற்காது. போரை எடுத்துவிட்டால் இந்தக் கதையில் யாருக்கும் யாரோடும் தொடர்பு இருக்காது. போர்ச் செய்தி வந்த அன்றுதான் ஸ்கார்லெட், ஆஷ்லியின் மேல் உள்ள ஆத்திரத்தில், சார்லஸ் ஹாமில்டனை மணக்கச் சம்மதிக்கிறாள். அவன் ஒரு குண்டுகூடச் சுடாமல் படை முகாமில் தட்டம்மை கண்டு இறந்துபோகிறான். விதவையான பிறகே அவள் அட்லாண்டாவில் ஆஷ்லியின் மனைவி மெலனியின் வீட்டுக்கு வருகிறாள். ரெட் பட்லரின் செல்வம் கடல் முற்றுகையைத் தாண்டிச் சரக்குக் கடத்திச் சேர்த்த செல்வம். மெலனியைப் பார்த்துக்கொள்ளும்படி ஆஷ்லி கேட்பது போர்முனையிலிருந்து விடுப்பில் வந்தபோது. இந்த முடிச்சுகளைப் போட்டது போர்.

சார்லஸின் தட்டம்மையைப் பலர் நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறார்கள். அந்தப் போரில் இறந்தவர்கள் சுமார் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் நோயால் இறந்தார்கள். அந்தத் தட்டம்மை முழுமையான வரலாற்று உண்மை.

ஜனவரி 4, இரவு

கேள்வியில் இருந்த இன்னொரு செய்தியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் தூங்கப் போக மனம் வரவில்லை. ஸ்கார்லெட்டும் ரெட்டும் குதிரை வண்டியில் தப்பிக்கும் அந்தப் பெருந்தீ ஷெர்மன் வைத்தது அல்ல.

1864 ஆகஸ்ட் கடைசியில் அட்லாண்டாவுக்குத் தெற்கே ஜோன்ஸ்பரோவில் நடந்த சண்டையில் வடதரப்பு வென்று, நகருக்குள் வரும் கடைசி ரயில் பாதையையும் அடைத்தது. தென்தரப்புத் தளபதி ஹூட் செப்டம்பர் 1ஆம் தேதி இரவு நகரைக் கைவிட்டபோது, எதிரியின் கையில் சிக்கக்கூடாது என்று தம்முடைய வெடிமருந்து ரயிலைத் தாமே கொளுத்தச் செய்தார். ஐந்து எஞ்சின்களும் 81 பெட்டிகளும் அதில் அழிந்தன. மறுநாள் மேயர் நகரை ஒப்படைத்தார். ஷெர்மன் அட்லாண்டாவில் தீ வைத்தது நவம்பர் நடுவில், கடலை நோக்கிப் படையை நகர்த்துவதற்குச் சற்று முன். அப்போது நம் கதாநாயகி தன் குடும்பத் தோட்டமான டாராவில் கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே நாம் திரையில் காண்பது தென்தரப்பு தனக்குத் தானே வைத்துக்கொண்ட தீ.

ஜனவரி 6

“படத்தில் அப்படி எங்கும் சொல்லவில்லையே” என்று ஒருவர் கேட்கிறார். சொல்லியிருக்கிறார்கள். நம்முடைய வீரர்கள்தான் ரயிலடிக் கிடங்குகளுக்குத் தீ வைத்திருக்க வேண்டும் என்று ரெட் தன் வழக்கமான ஏளனத்தோடு ஸ்கார்லெட்டிடம் சொல்கிறான். அங்கே நிற்கும் பெட்டிகளில் உள்ள வெடிமருந்து நம்மை டாரா வரைக்கும் தூக்கி எறியும் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அந்த இடத்தில் மாக்ஸ் ஸ்டைனரின் இசையும் குதிரையின் மிரட்சியும் சேர்ந்துகொள்வதால் வசனம் காதில் தங்குவதில்லை. இடைவேளை முடிந்ததும், ஷெர்மனின் படை அட்லாண்டாவிலிருந்து கடல் வரை அழித்துக்கொண்டே போனது என்று ஒரு டைட்டில் கார்டு தீப்பிழம்பின் மேல் பெரிய எழுத்தில் வருகிறது. பார்த்தவர் மனத்தில் இரண்டு தீயும் ஒன்றாகிவிடுகின்றன.

இந்தப் படத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான். படத்தில் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் டைட்டில் கார்டு எழுதுகிறவர்; அவருக்குத் தெற்கு என்பது பிரபுக்களும் அழகிகளும் வாழ்ந்து மறைந்த ஒரு கனவு. மற்றவர் காட்சியை அமைக்கிறவர். அவருக்குக் கிழங்கும் வரியும் காயமும் தெரிந்திருக்கின்றன. முன்னவரின் குரலே ஓங்கி ஒலிக்கிறது. படத்தைத் திட்டுகிறவர்களும் கொண்டாடுகிறவர்களும் பெரும்பாலும் அந்தக் குரலை மட்டும் கேட்டுவிட்டு எழுதுகிறார்கள்.

தொடக்க அட்டையை எழுதியவர் பென் ஹெக்ட். நாவலாசிரியை மார்கரெட் மிட்செலுக்கு இந்தக் கனவுத் தெற்கில் நம்பிக்கை இல்லை. அவருடைய டாரா இருப்பது ஜார்ஜியாவின் வடபகுதியில், கிளேட்டன் வட்டாரத்தில். அங்கே வெண்தூண் மாளிகைகள் அரிது என்பதைச் சொல்லித் தம் கடிதங்களில் ஹாலிவுட்டைக் கேலி செய்திருக்கிறார். தயாரிப்பாளர் செல்ஸ்னிக் தூண்களை வைத்தே தீர்த்தார். மிட்செலின் நாவல் அடிமை முறையைப் பார்க்கும் பார்வை படத்தைவிட மோசமானது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தூண் விஷயத்தில் மட்டும் நான் அவர் பக்கம்.

ஜனவரி 6, பின்னிரவு

தீக்காட்சி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அதைப் படமாக்கியது 1938 டிசம்பர் 10ஆம் தேதி இரவு. ஸ்டுடியோவின் பின்புறம் கிடந்த பழைய செட்டுகளை, ‘கிங் காங்’ படத்தின் பெருஞ்சுவர் உட்பட, எரித்துத் தள்ளினார்கள். அன்றைக்கு ஸ்கார்லெட்டாக நடிக்க யாரையும் ஒப்பந்தம் செய்திருக்கவில்லை. வண்டியில் இருந்தவர்கள் சண்டைக் கலைஞர்கள். செல்ஸ்னிக்கின் அண்ணன் மைரன் அந்தத் தீயின் வெளிச்சத்தில்தான் விவியன் லீயைத் தம்பிக்கு அறிமுகப்படுத்தினார். டார்ஜிலிங்கில் பிறந்த ஆங்கிலப் பெண்ணுக்கு ஜார்ஜியாப் பெண்ணின் வேடம் கிடைத்த கதை அது. பாடுபட்ட கலை இயக்குநர்களைக் கேட்டால், இடம் காலி செய்வதற்காக வைத்த தீ என்பார்கள்.

ஜனவரி 9

போர் எங்கே என்ற கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. கெட்டிஸ்பர்க் பட்டியல் காட்சியை நினைத்துப் பாருங்கள். 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள் பென்சில்வேனியாவில் நடந்த அந்தச் சண்டையின் ஒரு கணத்தையும் படம் காட்டவில்லை. அட்லாண்டாவில் பத்திரிகை அலுவலகத்தின் வாசலில் கூட்டம் முண்டியடிக்கிறது. இறந்தவர் பெயர்கள் அச்சிட்ட தாள்கள் கைக்குக் கை பறக்கின்றன, கிழிகின்றன. ஸ்கார்லெட் ‘டபிள்யூ’ எழுத்துவரை விரலை ஓட்டி ஆஷ்லி வில்க்ஸின் பெயர் இல்லை என்று மூச்சுவிட்ட பிறகே, ‘டி’ எழுத்தில் டார்லட்டன் சகோதரர்கள் இருப்பதைக் கவனிக்கிறாள். படத்தின் முதல் காட்சியில் அவளோடு படியில் உட்கார்ந்து போரைப் பற்றிப் பெருமையடித்த அதே இளைஞர்கள். சோகத்தை மறைக்க வாத்தியக் குழு உற்சாகமான பாட்டை வாசிக்கிறது. குழல் ஊதும் சிறுவன் அழுதுகொண்டே ஊதுகிறான். பீரங்கிகளை நூறு கோணத்தில் காட்டும் படங்கள் பலவற்றைவிட இந்தத் தாள்கள் எனக்குப் போரை அதிகம் உணர்த்துகின்றன.

ஜனவரி 11

திரைச்சீலைக் காட்சியைப் பற்றி எழுதாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுவது முறையாகாது. என் அம்மா தையல் தொழில் செய்தவர். ஆங்கிலம் தெரியாது. தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியபோது தைத்துக்கொண்டே பாதிப் பார்வையாகப் பார்த்தவர், ஸ்கார்லெட் பச்சை வெல்வெட் திரையைப் பிடித்து இழுத்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். “வெயிலில் தொங்கிய துணி, மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறியிருக்கும். அதை மறைத்து வெட்டத் தெரிந்தவள் வீட்டில் இருக்க வேண்டும்” என்றார். வெட்டித் தைத்தது, அடிமையாக இருந்து ஸ்கார்லெட்டை வளர்த்த ‘மாமி’ என்ற கறுப்பினப் பெண் என்பதைச் சொன்னேன். “அப்படியென்றால் அவள்தான் கெட்டிக்காரி” என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்தார்.

அம்மாவின் பார்வையில் ஒரு பெரிய திறனாய்வு இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. இந்த ஆடை எதற்கு? டாராவின் மீது போட்ட 300 டாலர் வரியைக் கட்டப் பணம் வேண்டும். சிறையில் இருக்கும் ரெட்டிடம் செழிப்பாக இருப்பதுபோல் நடித்துப் பணம் வாங்க வேண்டும். அவன் அவள் கையைப் பிரித்துக் காய்ப்பேறிய உள்ளங்கையைப் பார்த்ததும் நாடகம் கலைகிறது. உடனே அவள் என்ன செய்கிறாள்? தங்கைக்கு நிச்சயமான ஃபிராங்க் கென்னடியைப் பொய் சொல்லி மணந்துகொண்டு வரியைக் கட்டுகிறாள். காதல் காவியம் என்று விளம்பரம் செய்த படத்தின் நடுப்பகுதி முழுவதையும் ஓட்டுவது நிலவரி. நிலம் ஒன்றே நிலைக்கும் என்று அவள் தந்தை முதலிலேயே சொன்னதை அவள் ஆஷ்லியைவிட ஆழமாகக் காதலிக்கிறாள்.

ஜனவரி 12

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒரு குறை தெரிகிறது. நிலத்தின் மேல் உள்ள காதல் என்று அழகாகச் சொல்லி நிறுத்திவிட்டால், அந்த நிலத்தில் உழைத்தவர்கள் எங்கே என்ற கேள்வி எழாமல் போய்விடும்.

தொடக்கத்தில் பருத்திக் காட்டில் வேலை முடிந்தது என்று அறிவிக்கும் உரிமை தனக்கே உண்டு என்று மேஸ்திரி பிக் சாம் சண்டை பிடிப்பதைக் காட்டுகிறார்கள். அட்லாண்டாத் தெருவில் அதே சாமும் மற்றவர்களும் தென்தரப்புக்குப் பதுங்குகுழி வெட்ட மண்வெட்டியோடு சிரித்துக்கொண்டே போகிறார்கள். குழி வெட்ட அடிமைகளைக் கட்டாயமாகப் பிடித்துப் போனது உண்மை. சிரிப்புதான் ஸ்டுடியோவின் கொடை. ஸ்கார்லெட் டாராவுக்குத் திரும்பியதும் மற்றவர்கள் எங்கே என்று கேட்கிறாள். தானும் போர்க் என்ற வீட்டு வேலைக்காரரும் மட்டுமே மிச்சம், மற்றவர்கள் போருக்குப் போய்விட்டார்கள் அல்லது ஓடிவிட்டார்கள் என்கிறாள் மாமி. போர் தந்த மிகப் பெரிய மாற்றமான அடிமை விடுதலைக்கு இந்தப் படம் ஒதுக்கிய இடம் ஏறக்குறைய அந்த ஒரு வரிதான். ஓடியவர்கள் எங்கே ஓடினார்கள், யாரோடு சேர்ந்தார்கள், எதைக் கேட்டார்கள் என்று காமிரா திரும்பிப் பார்ப்பதே இல்லை.

அவர்கள் கேட்டதும் நிலம்தான். 1865 ஜனவரி 16ஆம் தேதி சவானாவில் ஷெர்மன் பிறப்பித்த 15ஆம் எண் ஆணை, கடலோர நிலங்களை விடுதலை பெற்ற குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்க வழிசெய்தது. லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அந்த ஆண்டு முடிவதற்குள் நிலத்தில் பெரும்பகுதியைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பித் தரச் செய்தார். ஸ்கார்லெட் 300 டாலருக்கு அலைந்த அதே காலத்தில், அதே ஜார்ஜியாவில், கையில் கிடைத்த நிலத்தை இழந்துகொண்டிருந்த இன்னொரு கூட்டம் இருந்தது.

இதை எழுதுவதற்கு ஆள் இல்லாமல் போகவில்லை. கறுப்பின அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1930களின் நடுவில் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அடிமைகள் தோட்டங்களை விட்டு வெளியேறியதை ஒரு பொது வேலைநிறுத்தமாகவே கண்டு அவர் எழுதிய ‘பிளாக் ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்’ 1935இல் வெளிவந்தது. மிட்செலின் நாவல் 1936இல். இரண்டு நூல்களின் ஆசிரியர்களும் ஒரே ஊரில் வாழ்ந்தவர்கள். ஹாலிவுட் எதன் உரிமையை வாங்கும் என்று ஊகிக்கச் சோதிடம் தேவையில்லை.

ஜனவரி 13

ஆஷ்லி பற்றி இத்தனை பேர் இவ்வளவு கோபப்படுவது எனக்கு வியப்பாக இருக்கிறது. லெஸ்லி ஹோவர்ட் நாற்பதுகளின் நடுவில் இருபது வயதுக்காரனாக நடித்தார். அந்த வேடம் அவருக்கே பிடிக்கவில்லை. வேண்டாத விருந்துக்கு வந்தவர்போல் ஒவ்வொரு காட்சியிலும் நிற்கிறார். அது கதாபாத்திரத்துக்குப் பொருந்தியும் விடுகிறது.

ஜனவரி 16

குடிசைப் பகுதியில் ஸ்கார்லெட் தாக்கப்பட்ட பிறகு ஆண்கள் ‘அரசியல் கூட்டத்துக்கு’ப் போகிறார்கள் அல்லவா, அது என்ன கூட்டம் என்று கேட்டவருக்கு: நாவலில் அது கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி இரகசிய அமைப்பு. படம் அந்தப் பெயரை விழுங்கிவிட்டது. கிளானுக்கு விளம்பரமாகிவிடக்கூடாது என்று செல்ஸ்னிக் கருதினார். கறுப்பின மக்களின் உரிமை அமைப்பின் தலைவர் வால்டர் ஒயிட் கடிதம் எழுதி எச்சரித்ததும் ஒரு காரணம். தாக்குபவனை வெள்ளையனாக ஆக்கினார்கள்; காப்பாற்றுபவன் நாவலில் இருந்ததுபோலவே பிக் சாம். நல்ல எண்ணம்தான். ஆனால் பெயரை எடுத்துவிட்டுச் செயலை வைத்திருக்கிறார்கள். இரவில் ஆயுதத்தோடு போய்க் குடிசைகளை அழித்துவிட்டு வந்தவர்களைப் பெண்கள் தையல் கூடையோடு உட்கார்ந்து காப்பாற்றும் அந்தக் காட்சி, யார் போனார்கள் என்று தெரியாததாலேயே ஒரு குடும்பப் பரபரப்பாக மாறிவிடுகிறது. காட்சியை அமைக்கிறவர் உண்மை பேசுகிறவர் என்று 6ஆம் தேதி எழுதியதன் எல்லை இங்கே இருக்கிறது: அவருக்கும் வாயைக் கட்டியிருந்தார்கள்.

மர ஆலைக் காட்சியை இதற்கு எதிராக வைக்கலாம். ஸ்கார்லெட் கைதிகளைக் கூலிக்கு எடுத்து வேலை வாங்குகிறாள். அடுத்தவர் துன்பத்தில் பணம் சேர்க்க மாட்டேன் என்று ஆஷ்லி முகம் சுளிக்க, அடிமைகளை வைத்திருந்தபோது உனக்கு இந்தக் கூச்சம் இல்லையே என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். ஜார்ஜியா கைதிகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடத் தொடங்கியது 1868இல். 1908 வரை அது நீடித்தது. அந்தக் கைதிகளில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின ஆண்கள். தொடக்க அட்டையின் கனவை இதைவிடக் கூர்மையாகக் கிழிக்கும் வசனம் படத்தில் வேறில்லை. சொல்பவள் கதாநாயகி, அதுவும் தன் சுயநலத்துக்காகச் சொல்கிறாள் என்பதால் அது இன்னும் நன்றாகப் பதிகிறது.

ஜனவரி 19

“இத்தனை அரசியல் பேசி, காதலை மறந்துவிட்டீர்கள்.” மறக்கவில்லை; தள்ளிப்போட்டேன். ரெட் குடிபோதையில் ஸ்கார்லெட்டை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு போகும் காட்சியை இளவயதில் காதலின் உச்சம் என்று நினைத்துப் பார்த்தேன். இப்போது அந்தப் படியின் இருட்டும், அவள் திமிறுவதும், அதற்கு முன் அவன் அவள் தலையைத் தன் இரண்டு கைகளுக்கு நடுவே வைத்து நசுக்குவதைப் பற்றிப் பேசுவதும் மட்டுமே கண்ணில் படுகின்றன. மறுநாள் காலையில் அவள் புன்னகையோடு விழிப்பதாகக் காட்டியிருப்பது அந்தக் காலத்துச் சமாதானம். கிளார்க் கேபிளின் கவர்ச்சியால் அதை விழுங்கச் சொல்கிறார்கள். எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

எனக்கு இந்தப் படத்தின் காதல் வேறிடத்தில் இருக்கிறது. டாராவுக்குள் புகுந்த வடதரப்பு வீரனை ஸ்கார்லெட் படியில் வைத்துச் சுடுகிறாள். பிரசவத்திலிருந்து இன்னும் தேறாத மெலனி, தூக்க முடியாத வாளை இழுத்துக்கொண்டு மேலே வந்து நிற்கிறாள். திகைத்துப்போய் நிற்பது ஸ்கார்லெட். பையைச் சோதித்துப் பார் என்று சொல்வது மெலனி. இரத்தம் தரையில் படாமல் இறந்தவன் தலையைச் சுற்றத் தன் இரவு உடையைக் கழற்றிக் கொடுப்பதும் அவளே. வீட்டாரிடம் துப்பாக்கி கைதவறி வெடித்ததாகச் சிரித்துக்கொண்டே பொய்யும் சொல்கிறாள். புனிதவதி என்று எல்லோரும் சலித்துக்கொள்ளும் மெலனியை ஒலிவியா டி ஹாவிலாண்ட் அந்தச் சில நிமிடங்களில் எவ்வளவு உறுதியான பெண்ணாக ஆக்கிவிடுகிறார்! அந்த உறவுக்குப் பெயர் வைக்க முயல வேண்டாம், படமும் வைக்கவில்லை.

ஜனவரி 22

மாமியாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் பற்றிய செய்தி தெரிந்ததுதான் என்றாலும், கேட்டிருப்பதால் எழுதுகிறேன். 1939 டிசம்பர் 15ஆம் தேதி அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு, இனப் பிரிவினைச் சட்டத்தால், அவரால் வர முடியவில்லை. 1940 பிப்ரவரி 29ஆம் தேதி ஆஸ்கர் விருது பெற்ற முதல் கறுப்பினக் கலைஞர் ஆனார். விழா மண்டபத்தில் சக நடிகர்களோடு அமராமல் தனி மேசையில் அமர வைக்கப்பட்டிருந்தார். அட்லாண்டா முதல் காட்சியையொட்டி நடந்த விருந்தில், தோட்ட அடிமைகள்போல் உடுத்திப் பாடிய எபனேசர் தேவாலயக் குழுவில் பத்து வயது மார்ட்டின் லூதர் கிங்கும் இருந்தார். டைட்டில் கார்டு திரையை விட்டு இறங்கி ஊரையே வேடம் கட்ட வைத்த இரவு அது.

ஜனவரி 23

ரயிலடிக் காட்சியைப் பலர் நினைவுபடுத்தியிருக்கிறார்கள். மெலனிக்குப் பிரசவ வலி. மருத்துவரைத் தேடி ஸ்கார்லெட் தண்டவாளங்களுக்கு நடுவே காயம்பட்டவர்களைத் தாண்டித் தாண்டிப் போகிறாள். காமிரா கட்டுமானக் கிரேனில் ஏறி உயர உயர, காயம்பட்டவர்கள் திடல் முழுவதும் விரிகிறார்கள். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் பொம்மைகள். பக்கத்தில் படுத்த துணைநடிகர்கள் பொம்மையின் கையை அசைத்து உயிர் கொடுத்தார்கள். போரின் விலையைச் சொல்ல இதைவிடச் சிறந்த ஷாட் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கிழிந்த தென்தரப்புக் கொடி சட்டகத்தின் முன்னால் வந்து பறக்கிறது. இது எழுத்தே இல்லாத டைட்டில் கார்டு. காயம்பட்டவர்களின் வேதனையைக் கொடி தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது. நான் பிரித்துக் காட்டிய இரண்டு பேரும் இந்த ஒரு ஷாட்டில் சேர்ந்தே வேலை செய்கிறார்கள் என்பதையும் பதிந்துவைக்கிறேன்.

ஜனவரி 25

2020 ஜூனில் ஹெச்பிஓ மாக்ஸ் என்ற இணையத் திரைத்தளம் இந்தப் படத்தை நீக்கியது சரியா என்ற கேள்விக்கு: நீக்கியது சில நாட்கள்தான். திரைப்பட அறிஞர் ஜாக்குலின் ஸ்டூவர்ட்டின் முன்னுரையோடு அதே மாதத்தில் திரும்ப வந்துவிட்டது. முன்னுரை இருப்பது நல்லது. முதன்முறை பார்ப்பவர்கள் அதைப் படம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்பது என் யோசனை; ஏற்கெனவே இந்தப் படத்தில் முன்கூட்டி விளக்கம் சொல்லும் அட்டைகள் போதுமான அளவு இருக்கின்றன.